பவர் இல்லாத கண்ணாடி

எனக்குத் தலைக்கனம் என்று ஊரில் கதைப்பார்கள். பொய்யில்லை. கிளிநொச்சிச் சந்தைக்குக் கிட்ட மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கண்டாவளையில் இருந்து ஸ்கூட்டியில் போய், பொழுதுபட முதல் வீட்டுக்கு வந்துவிடுவேன். கண்ணாடி விற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். லென்ஸைத் தன் கையாலேயே வெட்டி, ஓரம் தேய்த்து, பிரேமுக்குள் மயிரிழை ஆட்டம் இல்லாமல் இருத்துகிற பொம்பிளை எனக்குத் தெரிய இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான். வவுனியாவில் ஒரு கடைக்குக் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய், தேய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, முதலாளி சாப்பிடப் போகிற நேரங்களில் களவாகத் தேய்த்துப் பழகிய கை இது. அந்தக் கையைப் பற்றி நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

என் மனிசன் வயல் செய்கிறவர். அதிகம் கதைக்க மாட்டார், கதைத்தால் பகிடிதான். நான் கடையில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால், சோற்றைப் பிசைந்துகொண்டே, இண்டைக்கு எத்தனை பேருக்குக் கண் குடுத்தனீ என்று கேட்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட மாட்டேன்.

இப்போது சொல்ல வந்ததும் என் பெருமை பேசுகிற புழுகுதான். ஆனால் இதற்குள் என் மூக்கு உடைபட்ட இடமும் ஒன்று இருக்கிறது. அதை ஒளித்துவிட்டுச் சொன்னால் மிச்சப் புழுகும் பொய்யாகிவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கண்ணாடி நிறத்தைப் பிரிக்கும் என்பது எனக்குப் புதிதல்ல. ஒட்டுசுட்டான் பக்கம் ஓடுகிற பஸ்ஸின் சாரதி ஒருவர், நான் செய்து கொடுத்த கண்ணாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, நேரே பார்த்தால் எல்லாம் சரி, ஓரத்தால் பார்த்தால் ரோட்டு வெள்ளைக்கோட்டின் ஒரு பக்கம் நீலமும் மற்றப் பக்கம் மஞ்சளும் தெரிகிறது என்று ஒருமுறை குறைப்பட்டார். பவர் கூடின லென்ஸ் சிலதில் அப்படி வரும். லென்ஸ் வெளிச்சத்தை வளைக்கும்போது எல்லா நிறத்தையும் ஒரே அளவாக வளைப்பதில்லை. நீலத்தைக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கும், சிவப்பைக் கொஞ்சம் குறைவாக வளைக்கும். அதனால் ஒரே பொருளின் நீலம் ஓர் இடத்திலும் சிவப்பு இன்னோர் இடத்திலும் போய் விழும். வேறு பொருளில் லென்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த மனுசன் என் கடையைத் தாண்டும்போது ஹோர்ன் அடிக்காமல் போனதில்லை.

எங்கள் ஊர்ப் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிற டீச்சரும் என் கண்ணாடிதான் போடுகிறா. முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. அவாவின் தகப்பன் இன்னும் கடலுக்குப் போகிறவர். கண்டாவளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்து படிப்பிக்கிறா, வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி வீட்டுக்குப் போவா. மெல்லிய குரல். நான் பத்துச் சொல் சொன்னால் அவா ஒன்று சொல்லுவா. அந்த ஒன்றையும் நான் முழுதாகக் கேட்பதில்லை.

பாடசாலையில் பழைய தொலைகாட்டி ஒன்று கிடந்தது. நீளக் குழாயும் முன்னால் ஒரு லென்ஸும் மட்டும்தான். அதில் சந்திரனைப் பார்த்தால் விளிம்பு முழுக்க ஊதா நிறக் கரை போட்டிருக்கும். சேலைக்குக் கரை வடிவு, சந்திரனுக்கு எதற்கு என்று டீச்சர் சிரிப்பா. பிள்ளைகளுக்கு உண்மையான சந்திரனைக் காட்ட வேண்டும் என்று வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர் ஒருவருக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடமாகக் கடிதம் எழுதி, கடைசியில் ஒரு புதுத் தொலைகாட்டியை வரவழைத்துவிட்டா. முழங்கை நீளம்கூட இல்லாத, தடித்த, கட்டையான குழாய். அதற்குள் வெளிச்சத்தைத் திருப்புகிற ஆடியும் இருக்கிறது, லென்ஸும் இருக்கிறது. வெளிச்சம் முன்கண்ணாடிக்குள்ளால் போய், பின்னால் இருக்கிற பெரிய குழிவாடியில் பட்டு, திரும்பி முன்னால் வந்து, முன்கண்ணாடியின் நடுவில் பூசியிருக்கிற சின்ன வெள்ளி வட்டத்தில் பட்டு, மறுபடி பின்னால் போய், பெரிய ஆடியின் நடுத் துவாரத்தால் வெளியே வந்து கண்ணில் விழும். ஆடி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரித்தான் திருப்பும், அதனால் அதற்கு நிறக்கரை கிடையாது என்று டீச்சர் சொன்னா. முன்கண்ணாடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வாணி விழா வந்தது. எங்கள் பாடசாலைகளில் அந்த நாட்களில் புத்தகம், வீணை, கணிப்பொறி, ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போகும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். புதுத் தொலைகாட்டிக்கு முதல் வரிசையில் நடு இடம். டீச்சர் அந்தக் கிழமை தாய்க்குச் சுகமில்லை என்று முல்லைத்தீவுக்குப் போயிருந்தா. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பக்தியோடு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். எல்லாப் பொருளுக்கும் பொட்டு நெற்றியில்தானே. தொலைகாட்டிக்கு முகம் எது? முன்கண்ணாடி. அதன் நடுவில் வேறு, பொட்டுக்கு இடம் விட்டதுபோல ஒரு வெள்ளி வட்டம் கிடந்தது. வடிவாகச் சந்தனம் அப்பி, அதற்கு மேல் குங்குமமும் வைத்துவிட்டார்கள். பூசை முடியும்வரை அது அப்படியே இருந்து காய்ந்துபோயிற்று.

டீச்சர் வர முதல் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று பயந்து, பிள்ளைகள் முன்வளையத்தைத் திருகிக் கழற்றி, கண்ணாடியை வெளியே எடுத்து, கைகழுவுகிற பேசினில் கழுவியிருக்கிறார்கள். கழுவினபிறகு எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று ஒருவருக்கும் நினைவில்லை. பயத்தில் கண்ணாடியைத் துவாயில் சுற்றி, குழாயின் வாயை ஒரு பொலித்தீன் பையால் கட்டி, அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். டீச்சர் வந்து அலுமாரியைத் திறந்தபோது அவர்களில் இரண்டு பேர் அழுதார்களாம்.

அதிபர் நேர்மையான மனுசன். கல்வி அலுவலகம் உபகரணங்களின் நிலையைக் கேட்டபோது உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டார். பதில் வந்தது. கந்தசஷ்டி முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், அதிகாரி ஒருவர் நேரே வந்து பார்ப்பார். தொலைகாட்டி வேலை செய்தால் அங்கேயே இருக்கலாம். செய்யாவிட்டால் அதைத் திருத்தவும் பராமரிக்கவும் வசதி உள்ள பட்டணத்துப் பெரிய பாடசாலைக்குப் போகும்.

கந்தசஷ்டியின் இரண்டாம் நாள் டீச்சர் குழாயையும் துவாய்ப் பொட்டலத்தையும் கொண்டு என் கடைக்கு வந்தா. நான் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருக்கிறவள். அந்த நாட்களில் என்னோடு கதைக்கவே பயம் என்று மனிசன் சொல்வார். டீச்சர் கதிரையில் இருந்துகொண்டு நடந்ததெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வசனம் சொன்னா.

"இது எங்கட கையை விட்டுப் போனா, இனி ஆரும் எங்களுக்கு ஒண்டும் அனுப்பமாட்டினம், அக்கா."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. நானும் அந்தப் பாடசாலையில்தான் படித்தேன். கரும்பலகை கூட இல்லாத காலத்தில் படித்தேன். தாருங்கோ என்று வாங்கினேன்.

துவாயை அவிழ்த்தேன். தேநீர்க் கோப்பைத் தட்டின் அளவில் தடித்த கண்ணாடி. ஒரு பக்கம் குழிந்து, மற்றப் பக்கம் புடைத்திருந்தது. புடைத்த பக்கத்தின் நடுவில் வெள்ளி வட்டம். நல்லகாலம், வெள்ளி உரியவில்லை. மங்கலாகக் கிடந்ததைத் துடைத்து எடுத்தேன். குழிந்த பக்கத்தின் ஓரத்தில், மினுக்காத சொரசொரப்பான விளிம்பில், நகக்கண் அளவில் ஒரு சிவப்பு வரி ஊறிக் கிடந்தது. எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை. கழுவின தண்ணீர் ஓடினது என்று நினைத்து விட்டுவிட்டேன். பிறகு வழக்கம்போல, வெள்ளி வட்டத்தை விலத்தி, பவர் பார்க்கிற மெஷினில் வைத்தேன். பூச்சியம். திருப்பி வைத்தேன். அதுவும் பூச்சியம். பவர் இல்லாத கண்ணாடி. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: தூசி போகாமல் இருக்கப் போட்ட மூடி.

எந்தப் பக்கம் வெளியே என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. இத்தனை வருடத்தில் நான் பூட்டிய எந்தக் கண்ணாடியும் குழியை வெளியே காட்டினதில்லை. மூக்குக்கண்ணாடி என்றால் புடைப்பு வெளியே, குழி கண்ணுக்கு. அப்படிப் பூட்டினால் வெள்ளி வட்டம் வெளிப்பக்கம் வருகிறதே என்று மட்டும் ஒரு கணம் யோசித்தேன். அதற்கும் என்னிடம் விடை இருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடிக்கு ரசம் பின்னால்தானே பூசியிருக்கிறது, நாங்கள் கண்ணாடிக்கு ஊடாகத்தானே பார்க்கிறோம். இதுவும் அப்படி. சரியாகப் பொருந்திவிட்டது. பிழை அவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

டீச்சர் போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, மெல்ல, "அக்கா, இந்தப் படத்தில கண்ணாடி மற்றப் பக்கமாக் கிடக்கு" என்றா.

நான் நிமிரவும் இல்லை. "படம் கீறுறவைக்கு என்ன, டீச்சர். நான் கையால செய்யிறனான்."

அவா போனை வைத்துவிட்டா. நான் வளையத்தைத் திருகி இறுக்கினேன். அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு பிழையாகப் பூட்டினேன்.

நாலாம் நாள் சூரியன் விழுந்த மம்மல் பொழுதில் பாடசாலை மைதானத்தில் வைத்துப் பார்த்தோம். மேற்கே வயலுக்கு மேலே மெல்லிய பிறை. அதிபர் வந்திருந்தார். உயர்தரப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதலில் நான்தான் பார்ப்பேன் என்று கண்ணை வைத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. பால்சோறு மாதிரி ஒரு வெள்ளை. திருகியை ஒரு முனைவரை திருப்பினேன், வெள்ளை. மற்ற முனைவரை திருப்பினேன், அதே வெள்ளை. பிறை இருக்கிற பக்கம் கொஞ்சம் கூட வெள்ளை, அவ்வளவுதான்.

இங்கேதான் வருகிறது நான் செய்த வேலை. பிழை என்னுடையது என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன், முன்கண்ணாடியில் ஒரு பிழையும் இல்லை, பிள்ளைகள் போட்டு உலுக்கிக் கழற்றினதில் உள்ளே இருக்கிற பெரிய ஆடி அசைந்துவிட்டது, இனி இதைக் கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று. வரிசையில் நின்ற பிள்ளைகள் தலையைக் குனிந்தார்கள். ஏற்கனவே அழுது முடிந்த பிள்ளைகள். அதிபர் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் என்னையும் பார்க்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை. "பிழை என்ர, சேர்" என்றா. "பூட்டேக்க நான்தான் அக்காவுக்கு ஒழுங்கா விளங்கப்படுத்தேல்லை."

அவா படத்தைக் காட்டினதும் நான் நிமிராமல் இருந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாலைக் குடித்திருப்பேன். குழாயை இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று வாங்கி, ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அவாவுடைய குரல்தான் கேட்டது.

வீட்டில் மனிசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழாயை வாங்கி மேசையில் வைத்தார். பகிடி பண்ணாத மனிசனைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அடுத்த நாள் முழுக்கக் கடையில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஓர் அம்மாவுக்கு வலக்கண் லென்ஸை இடப்பக்கம் போடப் பார்த்தேன். தலைக்கனம் இருக்கிறவர்களுக்கு ஒரு நோய் வருத்தம் உண்டு. பிழை விட்டால் அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது, எங்கே தேடினாலும் தங்களைத் தவிர்த்துவிட்டுத்தான் தேடுவார்கள்.

ஆறாம் நாள் சூரன்போர். காலையில் தலைக்கு முழுகி, கோயிலுக்கு வெளிக்கிட்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சந்தனம் வைத்து அதற்கு மேல் குங்குமம் வைத்தேன். வைத்த விரலைத் துடைக்கும்போது நகக்கண்ணில் ஒரு சிவப்பு வரி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பொட்டை ஒருவரும் பிடரியில் வைப்பதில்லை. பிள்ளைகள் பொட்டு வைத்தது தொலைகாட்டியின் முகத்தில், வெளியே தெரிகிற பக்கத்தில். அந்தக் குங்குமம் ஊறிக் கிடந்தது குழிந்த பக்கத்து விளிம்பில். நான் என் கண்ணால் பார்த்து, என் கையால் துடைத்து, போகவில்லை என்று சலித்த வரி. அப்படியென்றால் குழிந்த பக்கம்தான் வெளியே இருந்திருக்கிறது.

கோயில் சேலையோடு மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு தொலைகாட்டியின் வளையத்தைக் கழற்றினேன். வளையத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் உட்பக்க மடிப்பிலும் அதே சிவப்பு, பொட்டில் இருந்து உதிர்ந்து இறங்கினது. வெளிப்பக்கத்தில் இருந்து அழுத்துகிற வளையம் அது. இனி என்ன சாட்சி வேண்டும்? "ஐயோ, நான் ஒரு மடைச்சி" என்று வாய்விட்டே சொன்னேன். குசினிக்குள் இருந்த மனிசன் எட்டிப் பார்த்து, திருப்பி ஒருக்காச் சொல்லு, எனக்கு வடிவாக் கேட்கவில்லை என்றார். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் என் வாயில் அந்தச் சொல் வந்து அவர் கேட்டதில்லை. சந்தோசமாகப் போய்த் தேத்தண்ணி போட்டார், அவருக்கு மட்டும்.

கண்ணாடியைத் திருப்பிப் போட்டேன். குழி வெளியே, வெள்ளி உள்ளே. என் கைக்கு அது பிடிக்கவே இல்லை. பிரேமைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டு ரோட்டில் போகிற மாதிரி இருந்தது. இறுக்கிவிட்டு வாசலுக்குக் கொண்டுபோய், வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பனைக்கு நேரே பிடித்துத் திருகியை மெல்லத் திருப்பினேன். வெள்ளைக்குள்ளால் ஒரு கறுப்பு எழும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பனை ஓலை. ஓலையின் நுனியில் தூக்கணாங்குருவிக் கூடு. கூட்டில் பின்னியிருந்த புல்லை ஒன்றொன்றாக எண்ணலாம். வெளிறின வானத்துக்கு எதிரே கரிய ஓலை, அதன் ஓரத்தில் நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. பஸ் சாரதியின் வெள்ளைக்கோட்டை நினைத்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கி, கூடு மறுபடி மங்கலாகத் தெரிந்தது.

கோயிலுக்குப் போகிற வழியில் டீச்சரின் அறைக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன், படம் சரி, நான்தான் பிழை என்று. அவா சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, கொப்பியில் அந்தப் படத்தைக் கீறிக் காட்டினா. நான் முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். பெரிய ஆடி நிறத்தைப் பிரிக்காது, ஆனால் அதற்கு வேறு ஒரு குறை உண்டு: நடுவில் படுகிற வெளிச்சத்தையும் ஓரத்தில் படுகிற வெளிச்சத்தையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவராது. முன்கண்ணாடிக்கும் அதே குறை உண்டு, ஆனால் எதிர்ப்பக்கமாக. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது தின்றுவிடும். கண்ணாடியைச் சேர்த்தால் நிறம் பிரியுமே என்று கேட்டேன். பிரியாமல் இருக்கத்தான் அதற்குப் பவரே இல்லாமல், சரியான தடிப்பில் வளைத்துச் செய்திருக்கிறார்கள், நீலமும் சிவப்பும் உள்ளே போன மாதிரியே பக்கத்தில் பக்கத்தில் வெளியே வந்துவிடும் என்றா. அந்த வளைவு சரியான பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளி வட்டமும் குவிவாடிக்குப் பதிலாகக் குழிவாடியாகி எல்லாம் கெட்டுவிடும். நான் வாழ்க்கை முழுக்கப் பவர் விற்றவள். மெஷினில் பூச்சியம் காட்டுகிற ஒரு கண்ணாடி இவ்வளவு வேலை செய்யும் என்று நினைக்கவே இல்லை. நினைக்கத் தெரியாததை மூடி என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பாறணை முடித்து, ஆறு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மணி, மூன்று மணி, விடவில்லை. டீச்சர் பாடசாலை விறாந்தையில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. அதிகாரி நாலரைக்கு ஒரு வான் வண்டியில் வந்தார். வானுக்குள் புதிதாகச் செய்த மரப்பெட்டி ஒன்று. உள்ளே மெத்தை வைத்து, இந்தத் தொலைகாட்டியின் அளவுக்கே குழி வெட்டியிருந்தது. கொண்டுபோகிற முடிவோடுதான் வந்திருக்கிறார் என்று அந்தப் பெட்டியைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பிள்ளைகள் பெட்டியைப் பார்ப்பதும் மழையைப் பார்ப்பதுமாக நின்றார்கள்.

ஆறு மணிக்கு மழை விட்டது. தெற்கே மேகம் கிழிந்து, நல்ல உயரத்தில் அரைச் சந்திரன் தெரிந்தது. நாலு பிள்ளைகள் ஈர நிலத்தில் சாக்குப் போட்டுத் தொலைகாட்டி வைக்க இடம் செய்தார்கள். டீச்சர் தொலைகாட்டியைத் திருப்பி, திருகியைச் சரிசெய்துவிட்டு, அதிகாரியைக் கூப்பிட்டா. அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் குனிந்தார். ஒரு நிமிசம் இருக்கும். நிமிர்ந்து வெறுங்கண்ணால் சந்திரனைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

தான் படித்த காலத்தில் ஒரு லென்ஸ் குழாயால் பார்த்த சந்திரனுக்கு ஊதாக் கரை இருந்தது என்றார். சந்திரனே அப்படித்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தாராம். இது கத்தியால் வெட்டின மாதிரி வெள்ளையாக நிற்கிறது, பள்ளங்களின் நிழல்கூடக் கறுப்பாக இருக்கிறது என்றார். பிறகு அதிபரிடம், கொழும்பில் யாரிடம் கொடுத்துத் திருத்தினீர்கள் என்று கேட்டார். அதிபர் என்னைக் காட்டி, எங்கள் ஊர்க் கண்ணாடிக் கடைக்காரி, இந்தப் பாடசாலைப் பழைய மாணவி என்றார்.

நான் இதற்காகத்தானே பிறந்தவள். அந்த நேரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் முழுப் பெருமையும் எனக்குத்தான். டீச்சர் நிச்சயமாகக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டா. ஆனால் அந்த உயர்தரப் பிள்ளைகள் எனக்கு முன்னால் நின்றார்கள். அன்றைக்குக் குனிந்த தலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"சேர், ஒரு சொல் சொல்லவேணும்" என்றேன். "முதல் இதைப் பிழையாப் பூட்டினது நான். டீச்சர் சரியாச் சொன்னவா, நான் கேட்கேல்லை. அதுக்குப் பேந்து பிழையைத் தூக்கிப் பிள்ளையளின்ர தலையில போட்டனான். பிள்ளையள் ஒரு பிழையும் விடேல்லை. அவையள் வைச்ச பொட்டாலதான் நான் சரியான பக்கத்தைக் கண்டுபிடிச்சனான்."

அதிகாரிக்கு விளங்கவில்லை. போனில் இருந்த விளக்கை அடித்து முன்கண்ணாடியைப் பார்த்தார். வளையத்துக்குப் பக்கத்தில் மெல்லிய சிவப்பு வரி இன்னும் இருந்தது. இது என்ன, அழுக்கா, இன்னும் சுத்தம் பண்ணவில்லையா என்று கேட்டார்.

"அழுக்கில்லை, சேர். அடையாளம். நான் வேணுமெண்டுதான் விட்டனான். இனி ஆர் கழட்டினாலும், பொட்டு இருக்கிற பக்கம் வெளிய."

பிள்ளைகளில் ஒன்று சிரித்தது. பிறகு எல்லாம் சிரித்தன. டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றா. நான் செய்து கொடுத்த கண்ணாடி, துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வரிசை. பிள்ளைகள், அதிபர், வானின் சாரதி, மழைக்கு ஒதுங்கி நின்ற பால்காரர், வயலில் இருந்து நேரே வந்த என் மனிசன் என்று எல்லோரும் பார்த்தார்கள். மனிசன் குனிந்து பார்த்துவிட்டு என் காதுக்குக் கிட்ட வந்து, இண்டைக்கு எத்தனை பேருக்குக் கண் குடுத்தனீ என்று கேட்டார். எண்ணிக்கொண்டுதான் நின்றேன். ஐம்பத்து மூன்று என்றேன். உன்னையும் சேர்த்தா என்றார். ஓம் என்றேன்.

நன்றாக இருட்டினபிறகுதான் அதிகாரி புறப்பட்டார். சாரதி மரப்பெட்டியை வானுக்குள் ஏற்றத் தூக்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பெட்டி இஞ்சயே கிடக்கட்டும்" என்றார். "உதுக்கு ஒரு பெட்டி வேணும்தானே."

வான் போனபிறகு பிள்ளைகள் தொலைகாட்டியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். அளவு எடுத்துச் செய்த பெட்டி, சரியாக உட்கார்ந்தது. டீச்சர் மூடியைச் சாத்திவிட்டு, அதன் நடுவை உள்ளங்கையால் தடவினா. அடுத்த வாணி விழாவுக்குப் பொட்டு இதிலதான், அக்கா என்றா. முதல் பொட்டு நான் வைப்பேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.